கடலுக்கு முன்னால் எதை நிறுத்துவது? கொழும்புக் கரையோர நடைவழியில் பொதுக்கலை அமைப்பதற்கான வழிகாட்டி

கொழும்பில் கடலோரமாக நடப்பவரின் கண்ணில் ஒரு வரிசை மாறாமல் பட்டுக்கொண்டே வரும். முதலில் அலை, பிறகு கருங்கல் அணை, அதனையொட்டித் தண்டவாளம், தண்டவாளத்துக்கு இப்பால் மரைன் டிரைவ், வீதியின் மறுகரையில் மதில்கள், மதில்களுக்குப் பின்னே தொடர்மாடிகள். கொள்ளுப்பிட்டியிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வழியாகத் தெஹிவளைப் பக்கம் வரை பெரும்பாலும் இதுதான் நிலத்தின் அமைப்பு. காலி முகத்திடலில் மட்டும் ரயில் பாதை உட்புறமாக விலகிவிட, புற்றரையும் நடைபாதையும் கடலை நேரே எதிர்கொள்கின்றன. இந்த நிலத்தை மனத்திற்கொண்டு, இங்கு நடப்போர் சற்றே நின்று பார்க்கும்படியாக ஒரு சிற்பத்தையோ சுவரோவியத்தையோ செதுக்கிய இருக்கையையோ அமைக்க விரும்பும் ஊர்ச் சங்கங்களுக்கும், பழைய மாணவர் குழுக்களுக்கும், இளங்கலைஞர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும்.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: கடலுக்கு முன்னால் கடலின் உருவத்தை வைப்பதில் பயனில்லை. பாயும் மீன், திறந்த சிப்பி, நங்கூரம், சாய்ந்த பாய்மரம் ஆகியவை கடலைக் காணாத ஊரின் சுற்றுவட்டத்தில் நிற்கலாம். உண்மையான அலை பத்து அடி தள்ளி அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவை எடுபடுவதில்லை. காற்று இன்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, சென்ற மாதம் பொழுது விழுந்த இடத்திலிருந்து இன்று எவ்வளவு நகர்ந்திருக்கிறது, அலை கல்லில் மோதும் ஒலிக்கும் மணலில் உருளும் ஒலிக்கும் என்ன வேறுபாடு என்பன போன்று, நாள்தோறும் நடப்பவர் கண்டும் காணாமற் போகின்றவற்றை அவருக்குப் புலப்படுத்துவதே இங்கு வைக்கப்படும் படைப்பின் வேலை. பொருளைத் தெரிவு செய்வதும், அளவை நிர்ணயிப்பதும், இடத்தைக் குறிப்பதும் இந்தத் தீர்மானத்தைப் பின்பற்றியே நடக்க வேண்டும்.

நிலத்தைப் படித்தல்

முதல் வேலை நடப்பதுதான். ஒரு சோளகக் காலத்தையும் ஒரு வாடைக் காலத்தையும் அந்த இடத்திலேயே கண்ட பிறகுதான் வடிவத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் அலைகளைக் கருங்கல் அணையின்மேல் ஏற்றித் தண்டவாளம் வரை திவலைகளைத் தெறிக்கவைக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை நிலத்திலிருந்து கடலை நோக்கி வாடை வீசும்போது அதே கரை அடங்கிக் கிடக்கும். இவற்றுக்கு இடையில், மார்ச் - ஏப்ரலிலும் ஒக்டோபர் - நவம்பரிலும் பிற்பகல் இடிமழை பெய்யும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் நகரம் இது. பெப்ரவரி மாலையொன்றில் மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்தவர், யூலையில் தம் சிற்பத்தின் பீடம் வரை உப்புநீர் அடிப்பதைக் காண நேரிடும்.

நடையின்போது எழுதும் குறிப்பேட்டை எப்படி வகுப்பது என்பதற்குத் தமிழில் மிகப் பழைய முறை ஒன்று உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழும் மரமும் புள்ளும் மாந்தரும் அவர்தம் தொழிலும் கருப்பொருள். அந்த நிலத்துக்கென அமைந்த உணர்வு உரிப்பொருள். கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு வகுக்கப்பட்ட சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் வேளை, உணர்வு இரங்கல். கிழக்கே கடலைக் கொண்ட மட்டக்களப்பைக் காட்டிலும் மேற்கே கடலைக் கொண்ட கொழும்புக்கு இந்தப் பொழுது நன்றாகப் பொருந்துகிறது. எனவே இதனை அலங்காரமாகக் கொள்ளாமல் ஆய்வுப் படிவமாகவே கொள்ளலாம். குறிப்பேட்டில் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கங்களை ஒதுக்குங்கள்.

முதற்பொருளின் பக்கத்தில் அளக்கக்கூடியவற்றை எழுத வேண்டும். இவற்றுள் தலையாயது சூரியன் மறையும் இடம். யூன் 21 அளவில் அது நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 23½ பாகை வடக்கேயும், டிசெம்பர் 22 அளவில் அதே அளவு தெற்கேயும் மறைகிறது. ஆகவே ஆண்டு முழுவதிலும் மறையும் இடம் ஏறக்குறைய 47 பாகை அகலத்தில் ஊசலாடுகிறது. 'அஸ்தமனத்தைச் சட்டமிட்டுக் காட்டும் வளையம்' என்று ஒரு எண்ணம் எந்தக் குழுவிலும் முதல் நாளிலேயே எழும். அவ்வாறு ஒரே திசையை நோக்கி அமைத்த வளையத்துக்குள் சூரியன் நேராக விழுவது ஆண்டில் இரு தடவைகள்தான். அந்த நாளைத் தெரிந்து குறித்தால் குறையாகத் தோன்றுவதே படைப்பின் உயிராகிவிடும். உதாரணமாக, தமிழரும் சிங்களவரும் ஒன்றாகக் கொண்டாடும் சித்திரைப் புத்தாண்டு மாலையில் பொழுது விழும் திசை நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 9½ பாகை வடக்கே உள்ளது. அதே திசையில் ஓகஸ்ட் இறுதியிலும் ஒருமுறை விழும். அடிவானம் உண்மையில் தெரிகிறதா என்பதையும் அந்தந்த இடத்தில் நின்றே உறுதி செய்ய வேண்டும். காலி முகத்திடலுக்கு வடக்கே 269 ஹெக்டேர் பரப்பில் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழுந்த பிறகு, பழைய ஒளிப்படங்களில் நீராகத் தெரியும் பகுதி இன்று நிலமாக இருக்கிறது.

இதே பக்கத்தில் நிழலையும் எழுதுங்கள். கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. இலங்கை நேரப்படி 12 மணி 10 நிமிடத்தை அண்டிய அந்தச் சில கணங்களில், செங்குத்தாக நட்ட கம்பத்துக்கு நிழல் இருக்காது. நிழலை ஆதாரமாகக் கொண்டு படைப்பவர்களுக்கு வெப்பவலய நகரம் தரும் இந்த வாய்ப்பை வடநாட்டுச் சிற்பிகள் பெறவே முடியாது.

கருப்பொருளின் பக்கம் விரைவில் நிரம்பிவிடும். தண்டவாள ஓரத்து அடம்பன் கொடி, தாழை, காகம், கல்லிடுக்கு நண்டு, தூண்டில் போடுவோர், குடைக்குள் அமர்ந்திருக்கும் இளம் இணையர், காற்றுக் காலத்தில் திடலில் பட்டம் விடும் பிள்ளைகள், இறால் வடை வண்டி, மாலையில் விரைநடை போகும் வெள்ளவத்தை ஆச்சிமார் என எல்லாவற்றையும் நேரத்தோடு சேர்த்துக் குறிக்க வேண்டும். எந்த மணிக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் வைத்த படைப்பு, தூண்டில்காரர் வழமையாக நிற்கும் இடத்தைப் பறித்துவிடக்கூடும். வடிவத்துக்கான வித்துகளும் இங்குதான் கிடைக்கும். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழியை ஒற்றுமைக்குச் சொல்கிறோம்; அந்தக் கொடி உண்மையிலேயே கணுவுக்குக் கணு வேரூன்றி மணலைக் கட்டிப்பிடிக்கும் தாவரம். கணுக்கள் ஓடும் அந்த ஒழுங்கைக் கல்லில் பதித்து நடைபாதைத் தளமாக விரித்தால், எந்தச் சிலையும் இல்லாமலே ஒரு கலைப்படைப்பு காலடியில் அமைந்துவிடும்.

உரிப்பொருளின் பக்கத்தை அவசரப்பட்டு நிரப்பக்கூடாது. இந்தக் கரைக்கு 2004 டிசெம்பர் 26 தெரியும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பாலான கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியதும், பின்னர் மேற்குக் கரையெங்கும் வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதும் தெரியும். 1983 யூலைக் கலவரத்தின் பின்னர் கொழும்பின் அகதி முகாம்களில் இருந்த தமிழர் பலர் சரக்குக் கப்பல்களில் காங்கேசன்துறைக்குப் போனதும் இந்தக் கடல்வழியாகத்தான். இவற்றில் எதைத் தொடலாம், எதைத் தொடாமல் விடலாம் என்பதை அந்த ஒழுங்கையில் வசிப்போரிடம் கேட்டே அறிய வேண்டும். கேட்காமல் எழுப்பும் நினைவுச்சின்னம் துயரத்தை ஒரு தரப்பின் உடைமையாக்கிவிடும். கேட்ட பிறகும், பெயரோ திகதியோ இல்லாத ஓர் இருக்கை போதும் என்று அவர்கள் சொல்லக்கூடும். அதுவும் ஒரு நல்ல படைப்பே.

எண்ணத்திலிருந்து வடிவத்துக்கு

வெளிநாட்டுக் கரையோரங்களில் புகழ்பெற்ற படைப்புகளைப் பார்ப்பது நல்லது. அப்படியே எடுத்து நடுவது நல்லதன்று. ஸ்பெயினின் சான் செபஸ்தியான் நகரில் எதுவார்தோ சில்லிதா 1970களில் பாறைகளில் பொருத்திய 'காற்றின் சீப்பு' என்னும் மூன்று உருக்கு வடிவங்கள் இவ்வகையில் முன்னோடியானவை. அவற்றின் முன்னுள்ள கல் தளத்தில் விடப்பட்ட துளைகளின் வழியாக, அலை மோதும்போது காற்றும் நீரும் மேலே பீறிடும். சிற்பமும் தளமும் கடலும் சேர்ந்ததே அங்கு படைப்பு. குரோஷியாவின் சாடார் நகரில் கட்டடக்கலைஞர் நிகோலா பாஷிச் 2005 இல் அமைத்த கடல் இசைக்கருவி, சுமார் 70 மீற்றர் நீளமான படிக்கட்டின் அடியில் பதித்த 35 குழாய்களால் அலையை ஒலியாக்குகிறது. எண்ணம் அழகானது, ஆனால் அடங்கிய உட்கடலுக்கு ஏற்ற அந்தக் குழாய்களைச் சோளகக் காலத்து வெள்ளவத்தைக் கடலுக்குள் பதித்தால், மணலும் சிறுகல்லும் ஏறி அடைபட அதிக நாள் எடுக்காது. இங்கு ஒலியை விரும்புவோர் அலையை விட்டுக் காற்றை நம்புவது மேல். அணைக்கு மேலே, திவலை எட்டாத உயரத்தில் நிறுத்திய வெவ்வேறு நீளக் குழாய்களில் சோளகம் ஒரு குரலிலும் வாடை வேறொரு குரலிலும் பேசும்படி செய்யலாம்.

இங்கிலாந்தின் கிராஸ்பி கடற்கரையில் 2005 முதல் நிற்கும் அன்டனி கோர்ம்லியின் 100 இரும்பு மனிதர்கள் வற்றுக்கும் பெருக்குக்கும் ஏற்பத் தோன்றியும் மூழ்கியும் நிற்கிறார்கள். கொழும்பில் வற்றுப் பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு. எனவே அந்த நாடகம் இங்கு நடக்காது. நம் கடல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுவதைவிடப் பருவத்துக்குப் பருவம் மாறுவதே அதிகம். அணையின் கல்லொன்றில் யூலையில் மட்டும் நனையும் உயரத்தைக் குறித்து ஒரு கோடு செதுக்கினால், பெப்ரவரியில் அதைக் காண்பவர் தாம் காணாத கடலொன்றை எண்ணிப் பார்ப்பார். இதைப் போன்ற சிறு படைப்புக்கே இங்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்பேன்; பெரிய சிற்பத்துக்கு வேண்டிய வெற்றிடம் காலி முகத்திடலைத் தவிர வேறெங்கும் அரிது.

முதன்முறை முயல்வோர் தற்காலிகப் படைப்போடு தொடங்கலாம். சிட்னியில் போண்டாய் முதல் தமராமா வரையிலான கரைப் பாதையில் 1997 இல் தொடங்கிய சிற்பக் கண்காட்சியில் படைப்புகள் சில வாரங்கள் நின்றுவிட்டு அகற்றப்படுவதால், துணிந்த வடிவங்களுக்கு இடம் கிடைத்தது. கொழும்பிலும் 1993 முதல் ஆண்டுதோறும் வீதியோரத்தில் கூடும் கலாபொல ஓவியச் சந்தை, கூடிக் கலையும் கலைக்கு இந்நகரம் பழகியதே என்பதைக் காட்டுகிறது.

எந்த வடிவமானாலும், வேலை தொடங்கு முன் மூங்கிலாலும் துணியாலும் உண்மையான அளவில் ஒரு மாதிரியைச் செய்து, உரிய அனுமதியோடு ஒரு மாலைப்பொழுது அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மேசையில் இரண்டு அடி உயரத்தில் கம்பீரமாகத் தோன்றியது வெளியே தொடுவானத்தின் முன்னால் சிறுத்துப் போவது வழக்கம். அதற்கு மருந்து உயரத்தைக் கூட்டுவதன்று. கடலோடு உயரத்தில் போட்டியிட எவராலும் முடியாது. கண்ணை அருகே இழுக்கும் நுட்பத்தைக் கூட்டுங்கள், அல்லது படுக்கைவாக்கில் நீட்டுங்கள்.

இடம் யாருடையது

கரையோரத்தில் ஓரடி நகர்ந்தால் அதிகாரம் மாறிவிடும். கரையோரம் பேணல் சட்டம் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டமாகும். அதன்படி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரும், தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கரையோர வலயமாகும். அதற்குள் எழுப்பும் எந்த நிரந்தர அமைப்புக்கும் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி தேவை. தண்டவாளத்தை ஒட்டிய ஒதுக்குநிலம் ரயில்வே திணைக்களத்துக்குரியது. வீதியும் நடைபாதையும் மாநகர சபையுடனோ வீதி தொடர்பான வேறு அதிகாரத்துடனோ தொடர்புற்றவை. நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் வடிவமைப்பில் சொல் உண்டு. தனியார் மதிலானால் உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். தொடர்மாடியானால் முகாமைத்துவக் குழுவின் தீர்மானத்தையும் பெறுங்கள்.

ஆகவே நில அளவைப் படத்தில் படைப்பின் நான்கு மூலைகளையும் குறித்துக்கொண்டே முதல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 'வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு சிற்பம்' என்று எழுதிய கடிதம் மேசைக்கு மேசை அலையும்; இடமும் அளவும் எடையும் அத்திவாரத்தின் ஆழமும் குறித்த கடிதத்துக்கு ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும். விண்ணப்பத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் கொடுப்பதும், திறந்து வைத்த பிறகு யார் பராமரிப்பார் என்பதை அதே கடிதத்தில் சொல்லிவிடுவதும் காலத்தை மிச்சப்படுத்தும்.

உப்புக் காற்றும் பொருளும்

கொழும்புக் கரையில் படைப்புகளை அழிப்பது பெரும்பாலும் மனிதர் அல்லர். காற்றில் வரும் உப்பு. எனவே பொருள் தெரிவில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடுங்கள்.

உருக்கை எடுத்துக்கொள்வோம். சாதாரண இரும்பைப் பெயின்ற் பூசி நிறுத்தினால் மூட்டுகளிலும் ஆணித் துளைகளிலும் முதலில் துரு எட்டிப்பார்க்கும். கடைகளில் துருப்பிடிக்காத உருக்கு என்று விற்பதில் பெரும்பகுதி 304 தரம். அது சமையலறைக்குப் போதுமானது, கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிபடும். 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்த 316 தரமே இங்கு தாங்கும். அதற்கும் மேற்பரப்பை வழவழப்பாக மெருகிட வேண்டும், ஏனெனில் சொரசொரப்பில் உப்பு தங்கித் தேநீர்க் கறை போன்ற பழுப்பைப் படரவிடும். மழை கழுவும் மேற்பக்கத்தைவிட மழை படாத அடிப்பக்கமே முதலில் கறைபடும் என்பதையும் வடிவமைக்கும்போது நினைவிற் கொள்ளுங்கள். வெல்டிங் செய்த தையல்களை அமிலத்தால் சுத்திகரிக்கச் செய்யுங்கள். சாதாரண இரும்பைத் தேய்த்த அதே வட்டால் இதைத் தேய்க்க விடாதீர்கள், இரும்புத் துகள் ஒட்டி அங்கேயே துரு தொடங்கும். செலவைக் குறைக்க எண்ணினால், துளையிடலும் வெல்டிங்கும் முழுவதும் முடிந்த பிறகு உருகிய நாகத்தில் (துத்தநாகத்தில்) தோய்த்து கல்வனைஸ் செய்து, அதன்மேல் பெயின்ற் பூசலாம். குழாய் வடிவங்களுக்குக் காற்று வெளியேறும் துளைகள் இல்லாவிட்டால் தோய்க்கும்போது வெடிக்கும் ஆபத்து உண்டு. இரு வேறு உலோகங்கள் தொடும் இடமெங்கும் நைலோன் அல்லது றப்பர் வாசரை இடைவைக்க வேண்டும். அலுமினியத் தகட்டில் நேராக முடுக்கிய துருப்பிடிக்காத ஆணி, உப்புநீரின் துணையோடு அந்தத் தகட்டையே தின்னும்.

தானாகத் துருவேறி அழகாகும் உருக்கைப் பத்திரிகைப் படங்களில் கண்டு ஆசைப்படுவோர் உண்டு. உப்பு ஓயாமல் படியும் இடத்தில் அந்தத் துரு அடங்கிப் படலமாவதில்லை, உள்ளே அரித்துக்கொண்டே போகும். இந்தக் கரையில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கொங்கிரீட்டில் எதிரி உள்ளேயிருக்கும் கம்பி. உப்பு ஊறிக் கம்பியை அடைந்ததும் துரு பருத்து, கொங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மரைன் டிரைவின் பழைய மாடிகளில் எவரும் இதைப் பார்த்திருக்கலாம். கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றருக்குக் குறையாத மூடல், சீமெந்தின் எடையில் 0.45 பங்கைத் தாண்டாத நீர், வார்த்த பின்னர் ஒரு கிழமைக்குக் குறையாமல் ஈரச்சாக்கு ஆகிய மூன்றிலும் மேசனோடு பேரம் பேசக்கூடாது. கடற்கரை மணலை ஒரு வாளி கூடச் சேர்க்கக்கூடாது. அதிலுள்ள உப்பு கேட்டை முதல் நாளிலேயே உள்ளே வைத்துவிடும், கரையில் மணல் அள்ளுவதற்குச் சட்டமும் இடந்தராது. கம்பியே வேண்டாத தடித்த, தாழ்ந்த வடிவத்தைத் தேர்ந்தால் இந்தக் கவலையே இல்லை. அதனினும் சிறந்தது நம் கருங்கல். அணையில் கொட்டிக் கிடப்பதும் அதுவே என்பதால், செதுக்கிய கல் அந்த நிலத்திலிருந்து எழுந்ததாகவே தோன்றும்.

வெண்கலம் கடற்காற்றைத் தாங்கும், பச்சை படர்ந்து அழகும் பெறும். ஆயினும் செம்பும் வெண்கலமும் பழைய இரும்புக் கடையில் விலைபோகும் பொருள்கள் என்பதால், எட்டும் உயரத்தில் கழற்றக்கூடிய பாகம் எதையும் விடாதீர்கள்.

சுவரோவியத்துக்கு வேறு கணக்கு. மரைன் டிரைவில் கடலைப் பார்த்த மதில்கள் மேற்கு நோக்கியவை. பிற்பகல் வெயில் முழுவதும் அவற்றின் மேல்தான் விழும். கடுஞ்சிவப்பும் மஞ்சளும் பலவும் அங்கே வெளுத்துப்போகும், காவி முதலிய மண்நிறங்கள் நிலைக்கும். நிலத்தின் இயல்பையொட்டி வரைவோருக்கு இது குறையே அன்று. மதிலில் ஈரம் ஊறுகிறதா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் ஊற்றை நிறுத்தாமல் வரைவது வீண்வேலை. பழைய மதிலின் பாசியையும் உப்புப் பூப்பையும் நன்னீரால் கழுவி உலரவிட வேண்டும். புதுச் சீமெந்துப் பூச்சானால் 28 நாளாவது ஆற வேண்டும். அதன் பின்னரே காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சும் வெளிப்புற அக்ரிலிக்கும். சனவரி, பெப்ரவரி மாதங்களே கொழும்பில் மழை குறைந்த காலம் என்பதால் வரைவதற்கு ஏற்றவை. 2019 இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் வரையத் தொடங்கியபோது எழுந்த உற்சாகம் பெரிது. அவற்றுள் நீண்டகாலம் நின்றவை எவை என்பதைத் தீர்மானித்தது ஓவியத் திறமையைவிடச் சுவரைத் தயாரித்த விதம்தான். மெருகிட்ட உடைந்த தரையோடுகளைப் பதித்து அமைக்கும் படம் இவை எல்லாவற்றிலும் நெடுநாள் நிற்கும், செலவும் குறைவு.

கொழும்புக்கே உரிய நிபந்தனை ஒன்று உண்டு: எந்த வடிவத்திலும் மழைநீர் தேங்கக்கூடாது. நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் சிற்பத்துக்கு விலக்களிக்கவில்லை. குழிந்த சிப்பியும் விரித்த உள்ளங்கையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண்ணுக்கு டெங்கு வளர்க்கும் சிரட்டைகளே. தாழ்ந்த புள்ளி ஒவ்வொன்றிலும் வடிதுளை வையுங்கள். இலை விழுந்து அடைபடாத அகலத்தில் வையுங்கள். கிடையாக நீட்டிய எந்தக் கம்பியிலும் காகம் வந்து அமரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நடப்போரும் பிள்ளைகளும் ரயிலும்

ஏறக்கூடியது எதுவானாலும் பிள்ளைகள் ஏறுவார்கள் என்று வைத்துக்கொண்டே வடிவமைக்க வேண்டும். 9 முதல் 23 சென்ரிமீற்றர் வரையான இடைவெளிகளில் சிறு பிள்ளையின் தலை புகுந்து சிக்கும். இடைவெளிகளை அதற்குக் குறைத்தோ கூட்டியோ அமையுங்கள். முனைகளை உருட்டிவிடுங்கள். வெயிலில் காயும் உலோகத்தைக் கை தொடும் உயரத்தில் வைக்காதீர்கள். காற்று அழுத்தத்தையும் நங்கூர ஆணிகளையும் பட்டயம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் கணக்கிட்டுக் கையொப்பமிட வேண்டும்.

ரயிலைப் பற்றித் தனியே சிந்திக்க வேண்டும். பாதைக்கு அருகில் சிவப்பு, பச்சை நிற விளக்குகளை வைக்கக்கூடாது. அவை சைகை விளக்குகளோடு குழம்பும். கண்ணாடிபோல் மெருகிட்ட தகடு மாலை வெயிலைச் சாரதியின் கண்ணில் அடிக்கும் கோணத்தை மாதிரியை நிறுத்திய அன்றே பாருங்கள். யாவற்றுக்கும் மேலாக, படைப்பை நன்றாகப் பார்ப்பதற்காகவோ அதனோடு ஒளிப்படம் எடுப்பதற்காகவோ எவரும் தண்டவாளத்தில் ஏற வேண்டியிராத இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். கடல் பின்னணியில் வர வேண்டும் என்ற ஆசையில் இதை மறப்பது எளிது.

எழுத்து

கொழும்பின் கரையோர நடையில் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று காலி முகத்திடலில் உள்ளது. ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த அந்த நடைவழியை, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகத் தமக்குப் பின்வரும் ஆளுநர்களிடம் ஒப்படைப்பதாக அது சில வரிகளில் சொல்கிறது. யாருக்காக என்று சொன்னதோடு நின்றுவிட்ட அந்தச் சுருக்கம் பின்பற்றத் தக்கது. படைப்பின் பொருளை விளக்கும் பந்திகளைத் தவிர்த்து, பெயர், ஆண்டு, செய்தவர் ஆகியவற்றை மூன்று மொழிகளிலும் ஒரே அளவு எழுத்தில் பொறியுங்கள். உலோகத்தில் வார்க்கும் முன், தமிழ் எழுத்துப்படியைத் தமிழ் வாசிக்கும் இருவர் தனித்தனியே சரிபார்த்துக் கையொப்பமிடட்டும். நகரத்தின் பெயர்ப்பலகைகளில் காலும் கொம்பும் மாறிக் கிடப்பதை நாம் அன்றாடம் பார்க்கிறோம், வார்த்த பின் திருத்த வழியில்லை.

பராமரிப்பு

ஒரு பொதுப்படைப்பின் செலவைக் கணக்கிடும்போது திறப்பு விழாவோடு கோட்டைக் கிழித்துவிடுவது வழக்கம். பத்து ஆண்டுப் பராமரிப்பையும் அதே கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதற்கேற்ப வடிவத்தைச் சுருக்குங்கள். வேலை பெரிதன்று: மாதம் ஒருமுறை நன்னீரால் கழுவ வேண்டும், மழை குறைந்த சனவரி, பெப்ரவரி மாதங்களில் இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும். சோளகம் அடங்கிய பின் ஒக்டோபரில் ஒருமுறை ஆணிகளையும் வெல்டிங் தையல்களையும் வடிதுளைகளையும் அத்திவாரத்தைச் சுற்றிய மண்ணரிப்பையும் பார்க்க வேண்டும். பெயின்ற் உரிந்த இடத்தை அன்றே தொட்டுவிட்டால் ஒரு தூரிகை போதும். ஓராண்டு விட்டால் சாரம் கட்ட வேண்டிவரும்.

அகற்றும் முறையையும் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். இந்தக் கரை நிலையானதன்று. கல்கிசையில் 2020 இல் மணல் கொட்டிக் கரையை அகலப்படுத்த வேண்டியிருந்தது, அணைகளும் காலத்துக்குக் காலம் உயர்த்தப்படுகின்றன. படைப்பு எந்த நிலைக்கு வந்தால் அகற்றப்படும், அதை முடிவு செய்பவர் யார், பாகங்கள் எங்கே போகும், ஆணித் துளைகளை அடைத்துத் தளத்தை முன்போலாக்கும் செலவு யாருடையது என்பன ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வரைபடங்கள், உலோகத்தின் தரச்சான்று, பெயின்றின் நிறக்குறியீடு, பொறியியலாளரின் கணிப்பு, பெற்ற அனுமதிகள், கழுவும் அட்டவணை ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பாகத் தைத்து, சிங்களத்திலும் தமிழிலும் ஒவ்வொரு படியை மாநகர சபையிடமும், ஒன்றைச் சங்கத்திடமும், ஒன்றை அருகிலுள்ள நூலகத்திலும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கிவையுங்கள்.